பதினேழாம் காற்றாடிக்கு நூற்றைம்பத்தாறு வரிகள்

பணகுடியில் ஆனி மாதம் பேசினால்
பாதிச் சொல் ராதாபுரத்துக்குப் போய்விடும்.
ஜன்னலை இறுக்கிச் சாத்திவிட்டுத்தான்
கணக்கைத் திறப்பேன்.

பழைய ரிஜிஸ்டரில் பதினேழாம் எண்ணுக்கு ஒரே ஒரு வரி:
இரண்டாயிரத்து ஆறு ஆனியில் நட்டது,
பத்தொன்பது ஆனியில் கியர்பாக்ஸ் உடைந்தது,
எண்ணெய்ச் சூடு, சராசரி, அறுபத்திரண்டு டிகிரி.

அந்த அறுபத்திரண்டோடுதான் எனக்குச் சண்டை.
ஆடியையும் மார்கழியையும் கூட்டி இரண்டால் வகுத்தால்
ஒரு மாதம் வரும்.
அந்த மாதத்தில் எந்தக் காற்றாடியும் சுற்றியதில்லை.
எதுவும் உடைந்ததுமில்லை.

வரியை வெட்டினேன்.
மாதத்துக்கு ஒன்றாக நூற்றைம்பத்தாறு துண்டு.
ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடக்கம், ஒரு முடிவு,
அந்த மாதத்துச் சூடு, அந்த மாதத்துக் காற்று,
கடைசிக் கட்டத்தில்
உடைந்ததா?
நூற்றைம்பத்தைந்து முறை இல்லை என்று அடித்தேன்.
விரலுக்கு இல்லை என்பதே பழகிப்போய்
கடைசி வரியில் கொஞ்சம் தடுமாறியது.

இசக்கியப்பன் கையில் கிரீஸோடு எட்டிப் பார்த்தான்.
"தசாபுத்தி மாதிரில்லா இருக்குக்கா.
இன்ன தேதில இருந்து இன்ன தேதி வரைக்கும் சனி..."
அதேதான் என்றேன்.
சோசியருக்கு அடுத்த கட்டமும் தெரியும்.
நான் வைகாசியை எடைபோடும்போது
ஆனியில் நடந்ததைத் தெரிந்த கண்ணை
மூடிக்கொள்ள வேண்டும்.

மேனேஜர் ஞானசிகாமணி வேறொன்று கண்டுபிடித்திருந்தார்.
புது பேரிங் மாட்டியவை இரட்டிப்பு ஆயுசு வாழ்கின்றனவாம்.
சார், எட்டு வருஷம் உடையாமல் நின்றதால்தானே
அதற்குப் புது பேரிங் கிடைத்தது?
இரண்டாம் வருஷமே போனவற்றுக்கு
யார் வாங்கிக் கொடுத்தார்கள்?
அந்த எட்டு வருஷத்தைப் பழைய பேரிங்கின் பேரில் எழுதுங்கள்.
அவர் டீயை ஆற்றினார்.
டீ முடியும்வரை பதில் இல்லை. முடிந்த பிறகும்.

ஒன்று உடைந்தால்
அந்த வயதைத் தொட்டும் சுற்றிக்கொண்டிருந்த
அத்தனையையும் கூப்பிட வேண்டும்.
அந்த வயதில் உனக்கு எத்தனை டிகிரி,
உனக்கு எத்தனை, உனக்கு?
நின்றவர்களின் நடுவில் வைத்துத்தான்
விழுந்ததைப் படிக்க முடியும்.

ஒன்பதாம் எண்ணைக் கழற்றி லாரியில் ஏற்றி
குஜராத்துக்கு விற்றுவிட்டார்கள்.
செத்தது என்று எழுதக் கூடாது. இருக்கிறது என்றும்.
இதுவரை பார்த்தோம்,
அவ்வளவுதான் எழுதலாம்.

இருபத்து மூன்றின் சென்சார் சித்திரையோடு போயிற்று.
கடைசியாக அது சொன்னது எழுபத்தொன்று.
வைகாசிக்கும் எழுபத்தொன்று போட்டேன்.
ஆனி பிறந்ததும் எழுபத்தொன்று.
கடைசிச் சொல்லையே இழுத்துக்கொண்டு போவதும்
ஒரு முறைதான்,
கொஞ்ச நாளைக்குத் தப்பில்லை.

அண்ணன் பஹ்ரைனிலிருந்து கடைசியாகப் பேசியது
புரட்டாசியில்.
"நல்லாத்தான் இருக்கேன்."
தெருவில் யார் கேட்டாலும் அம்மா சொல்கிறாள்,
நல்லாத்தான் இருக்கான்.
ஒன்பது மாதமாக அதே அளவு.

இன்று இருபத்து மூன்றை நிறுத்திவிட்டு
இசக்கியப்பன் மேலே ஏறினான்.
போனில் பாதி அவன், பாதி காற்று.
"நிப்பாட்டி அரைமணி ஆச்சுக்கா,
இன்னும் எண்பத்தி மூணு காட்டுது."

எண்பத்து மூன்று.
அடித்தேன்.
மேலே வைகாசியின் வரியில்
எழுபத்தொன்று உட்கார்ந்திருந்தது, என் கைப்பட.

"அக்கா, லைன்ல இருக்கியளா?"

இருக்கேன் என்றேன்.
ராதாபுரத்துக்குப் போயிருக்கும்.